சீர்க் கட்டில்

எங்கள் வீட்டு உள்ளறையில் ஒரு தேக்குக் கட்டில் இருக்கிறது. அதை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. அதன் மேல் டம்ளர், செம்பு எதுவும் வைக்கக் கூடாது. எண்ணெய் வைத்த தலையோடு அதன் தலைமாட்டில் சாயவே கூடாது. எல்லாம் என் வீட்டுக்காரர் போட்ட சட்டம். படுக்கிறதுக்குத்தானேங்க கட்டில் என்று கேட்டால், "ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்பார். எனக்கா தெரியாது? அதைச் செய்து முடிக்கிறவரை ஆசாரிக்கு வேளாவேளைக்குக் காப்பியும் டிபனும் போட்டவள் நான். என் பெண்ணுக்காகச் செய்த கட்டில் அது.

எங்களுக்கு ஒரே பெண். அவள் கல்யாணம் நிச்சயமானதும், வயல் வரப்பில் நின்ற தேக்கு மரத்தை வெட்டினார். கடையில் கட்டில் வாங்கினால் போதாதா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். கேட்டால் ஆகிவிடுமா? திருவையாற்றுப் பக்கத்திலிருந்து ஆசாரியை வரவழைத்து, கொல்லையில் கொட்டகை போட்டு, கடைசல் கால் என்ன, தலைமாட்டில் கிளியும் தாமரையும் என்ன என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் செய்ய வைத்தார். அப்போது அவர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். டூட்டி முடிந்து காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்குப் போய் நின்றுவிடுவார். கட்டிலுக்கு மாலை போட்டு, சந்தனம் தெளித்து, கும்பகோணத்துக்குச் சீர் அனுப்பிய அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெண்ணைப் பார்த்தாரோ இல்லையோ, வண்டியில் கயிறு கட்டுகிறவனை விட்டு நகரவில்லை. "மெதுவா, மெதுவா, கயிறு மரத்துல உரசுது பாரு" என்று கத்திக்கொண்டே இருந்தார்.

இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அது அப்படியே திரும்பி வந்தது. மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே சென்னையில் ஒரு குடும்பம் இருந்தது. அதை மறைத்துக் கட்டி வைத்திருந்தார்கள், பாவிகள். என் பெண் ஒரு பையோடு வந்து நின்றாள். பிறகு பெரியவர்களை வைத்துப் பேசி, போட்ட நகையும் பாத்திரமும் பீரோவும் கட்டிலும் வாங்கி வந்தோம். குட்டியானை வண்டியில் கட்டிலைக் கழற்றி அடுக்கிக் கொண்டுவந்தார்கள். தெருவில் அத்தனை வாசலிலும் ஆள். ஒருத்தர்கூட ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நாலு வார்த்தை திட்டி ஆற்றிக்கொண்டிருப்பேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது அவருடைய கட்டில் பைத்தியம். பிரித்து வந்த கட்டிலை உள்ளறையில் அவரே பூட்டி நிறுத்தினார். கும்பகோணத்தில் எவனோ கால்மாட்டில் ஆணி இழுத்த மாதிரி ஒரு கீறல் போட்டிருந்தான். அதைத் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் என்னிடம் சொன்னார். "இத புதுசு மாதிரி வச்சிருக்கணும். பாப்பாவுக்கு இன்னொரு எடம் அமையாமயா போயிரும்? இதே கட்டில்தான் அவகூட போவும்."

திரும்பி வந்த சீரை மறுபடி கொடுப்பார்களா என்று என் நாத்தனார் முகவாயில் கையை வைத்தாள். "மரம் என்ன தப்பு பண்ணிச்சு?" என்று அவள் வாயை அடைத்துவிட்டார். எனக்கு அவர் சொன்னது பிடித்துத்தான் இருந்தது. மரத்துக்குச் சொன்னாரோ மகளுக்குச் சொன்னாரோ, யாருக்குத் தெரியும்.

என் பெண் அந்தக் கட்டிலைத் தொடவில்லை. கூடத்தில் பாய் விரித்துப் படுத்தாள். நீடாமங்கலத்தில் ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் டிபன் பாக்ஸோடு பஸ் ஏறுவாள், சாயந்தரம் திருத்துகிற பேப்பரோடு வருவாள். வீட்டில் நல்ல கட்டில் கிடக்க ஏன்டி தரையில் படுக்கிறாய் என்று ஒருநாள் சத்தம் போட்டேன். "எனக்கு அதப் பாத்தாலே அந்த வீட்டு நாத்தம் வருதும்மா" என்றாள்.

ஆக, படுக்க வேண்டியவள் படுக்கவில்லை, படுக்க நினைத்த எனக்கு அனுமதி இல்லை. அவர் மட்டும் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருப்பார். பழைய மல்வேட்டியைக் கிழித்த துணிதான். மரத்தில் ரேகை எப்படி ஓடுகிறதோ அப்படியே துடைக்க வேண்டுமாம், குறுக்கே போகக் கூடாதாம். தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளக்குமே என்றால், பிசுக்கு ஏறித் தூசி பிடிக்கும் என்பார். கரையானுக்குக் கால்களின் அடியில் வேப்பெண்ணெய். கடைசலின் சந்துகளுக்குள் தூசி தட்ட, பெயின்ட் அடிக்கிற பிரஷ் ஒன்று. வருஷத்துக்கு ஒரு தடவை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் பஞ்சில் நனைத்துப் பூசுவார். வீடே ஸ்பிரிட் வாடை அடிக்கும். அன்றைக்கு நான் அடுப்புப் பற்றவைத்தால் அதற்கும் ஒரு கூச்சல்.

முதல் வருஷம் ஒரு கூத்து நடந்தது. தூசி படக் கூடாது என்று கட்டிலை முழுக்கப் பிளாஸ்டிக் காகிதத்தால் சுற்றி, கயிறு போட்டுக் கட்டிவைத்தார். வாங்கின சோபாவுக்கும் டிவி ரிமோட்டுக்கும் பிளாஸ்டிக்கைக் கழற்றாத ஊர்தானே நம்முடையது. ஐப்பசி அடைமழை வந்தது. எங்கள் பக்கத்தில் மழைக்காலத்தில் தரை ஓதம் காக்கும், சுவர் ஓதம் காக்கும், உப்பு ஜாடிக்குள் தண்ணீர் கட்டும். கார்த்திகையில் பிரித்துப் பார்த்தால் கட்டில் பூராவும் வெள்ளை பூத்துக் கிடந்தது, ஊறுகாயில் பூசணம் பிடித்த மாதிரி. மனுஷர் அழுதுவிட்டார். அவர் அம்மா செத்தபோதுகூட அப்படி அழுது நான் பார்த்ததில்லை. "மூச்சு விட எடமில்லாம பண்ணிட்டேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் பிளாஸ்டிக்கே வீட்டுக்குள் வரவில்லை. மழைக்காலத்தில் வேட்டியைப் போர்த்துவார், வெயில் வந்த நேரத்தில் ஜன்னலைத் திறந்து வேட்டியை எடுத்துவிடுவார்.

இன்னொரு தடவை என் முறை. ஆயுத பூஜைக்கு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிற மாதிரி கட்டிலின் தலைமாட்டிலும் வரிசையாக வைத்துவிட்டேன். நல்லதுக்குத்தானே வைத்தேன்? மஞ்சளும் சிவப்புமாக பாலிஷில் ஊறிவிட்டது. என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. கட்டிலோடுதான் பேசினார்.

வரன்கள் வந்தன. வந்தன என்றால், வந்து காப்பி குடித்துவிட்டுப் போயின. தரகர் ஒருவர் உள்ளறைக்குள் பேச வந்து, பேச்சு ருசியில் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். "ஐயா, நாற்காலி போட்டிருக்கேன், அங்க வாங்க" என்று கையைப் பிடித்துக் கிளப்பிவிட்டார் இவர். தரகர் அப்புறம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். பெண்ணுக்கு முப்பது தாண்டி எவ்வளவோ ஆகியிருந்தது. கட்டில் மட்டும் அன்றைக்குச் செய்த மாதிரி இருந்தது.

ஒருநாள் அவளே சொல்லிவிட்டாள். "அப்பா, அத வித்துடுங்க. நான் நல்லாத்தான் இருக்கேன். எனக்கு இன்னொரு கல்யாணமெல்லாம் வேணாம்." அவர் துணியை மடித்து வைத்துவிட்டு வெளியே போனார். திரும்பி வந்து எதுவுமே நடக்காத மாதிரி மறுபடி துடைக்க உட்கார்ந்தார். இவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன செய்ய? ரெண்டு பேரும் ஒரே அச்சு. ஒன்று வாயைத் திறக்காது, இன்னொன்று காதைத் திறக்காது.

போன ஐப்பசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கொல்லையில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, பிழைத்துக்கொண்டார் என்று அனுப்பினார்கள். வலது பக்கம் போய்விட்டது. பேச்சு குழறியது, எங்களுக்கு மட்டும் புரியும். டாக்டர் அம்மா தெளிவாகச் சொல்லி அனுப்பினார். "தலைய ஒசத்தியே வைங்க. மல்லாக்கப் படுக்க வச்சா கஞ்சி பொரை ஏறி நெஞ்சுல சளி கட்டிரும். கட்டில்லயே வச்சிருங்க, தரை வேணாம்."

வீட்டில் இருந்த இன்னொரு கட்டில் மடக்குக் கட்டில், நடுவில் தொட்டிலாகத் தொங்கும். என் பெண் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. உள்ளறைக் கட்டிலில் போர்த்தியிருந்த வேட்டியை உருவி எறிந்தாள், மெத்தை போட்டாள், ரப்பர் ஷீட் விரித்தாள், கிளியும் தாமரையும் மறைகிற மாதிரி தலைமாட்டில் தலையணைகளை அடுக்கினாள். பக்கத்து வீட்டு ஆட்களோடு சேர்ந்து அவரைத் தூக்கிப் படுக்க வைத்தோம். கும்பகோணத்திலிருந்து திரும்பி வந்த பிறகு அந்தக் கட்டிலில் முதன்முதலாக ஒரு ஆள் படுத்தது அன்றைக்குத்தான்.

அவருக்கு எங்கே படுத்திருக்கிறோம் என்று புரிய ஒரு பகல் ஆனது. புரிந்ததும் இடது கையால் சட்டத்தைத் தடவிப் பார்த்தார். "இதுலயா?" என்றார். "ஆமாப்பா, இதுலதான். யாருக்கு வச்சிருக்கீங்க இத? நான் எங்கயும் போகப் போறதில்ல" என்றாள் இவள். வேலைக்கு லீவு போட்டு, மலமூத்திரம் எடுத்து, தூக்கமில்லாமல் இருந்தவள். களைப்பில் கொஞ்சம் வெடுக்கென்று சொல்லிவிட்டாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து சாப்பாடு இல்லை. கஞ்சி, பால், இளநீர், எதைக் கொண்டுபோனாலும் வாய் திறக்க மாட்டார். நோயினால் அல்ல, பிடிவாதம். எனக்குத் தெரியாதா அந்த வாயை! கெஞ்சினேன், திட்டினேன், "என்னை முண்டச்சியாக்கிட்டுத்தான் போவீங்களா" என்று அழுதேன். உதட்டோரம் வழிந்த கஞ்சியை என் பெண் துடைத்துத் துடைத்து எடுத்தாள். கண் குழி விழுந்துவிட்டது.

ஒரு காலையில் அவள் கஞ்சிக் கிண்ணத்தோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் வாசற்படியில் நின்றேன். "அப்பா, ஒரு எடம் வந்திருக்குப்பா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் பேசி அறியாத பெண். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடக்கூட வயிற்றுவலி என்று சொல்லத் தெரியாது.

அவர் தலை திரும்பியது.

"திருவையாத்துல. பேங்குல வேலையாம். மொத சம்சாரம் தவறிட்டாங்களாம். எங்க ஸ்கூல் டீச்சர் மூலமா வந்திச்சு. நான் சரின்னுட்டேன்பா." ஸ்பூனை நீட்டினாள். வாய் திறந்தது. ஒரு வாய், இரண்டு வாய் என்று கிண்ணம் காலியாகிறவரை சாப்பிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கன்னத்தில் ஓடியது. சாப்பிட்டு முடித்து, குழறலாக ஒன்று கேட்டார். "கட்டில் கேட்டாங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள். "கேட்டாங்கப்பா. ஒங்க வீட்டுத் தேக்குக் கட்டிலு உண்டுல்லன்னு கேட்டாங்க."

அப்படிச் சிரித்த முகத்தை அவரிடம் நான் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது. அன்றைக்கு மத்தியானமும் சாப்பிட்டார். நானும் என் பெண்ணும் அடுப்படியில் நின்று சத்தம் வராமல் அழுதோம். பொய்யாக இருந்தால் என்ன, மனுஷர் பிழைத்துக்கொள்வார் என்றுதான் நினைத்தோம்.

மறுநாள் காலையில் முகம் துடைத்துவிடப் போனேன். "என்னைக் கீழ எறக்கு" என்றார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. எதற்கு என்றேன். "பாப்பா கட்டிலு" என்றார். டாக்டர் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றேன். கேட்டால்தானே. மூச்சு வாங்க வாங்க, விட்டு விட்டுச் சொன்னார். போய்வந்த கட்டில் என்று தெரிந்தேதான் கேட்கிறார்கள், அது அவர்கள் பெருந்தன்மை. இதில் கிடந்து நான் செத்துவைத்தால்? சாவு விழுந்த கட்டிலை எந்த வீட்டில் ஏற்றுவார்கள்? அவர் சொன்னது இவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் அது உண்மையும்கூட. கட்டிலில் உயிர் போனால் அதை வீட்டிலேயே வைத்துக்கொள்ள மாட்டார்கள், சீராக எங்கே அனுப்புவது?

"வேற புதுக் கட்டில் வாங்கிக்கலாம்பா, அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று என் பெண் மன்றாடினாள். "அவங்க இதத்தான கேட்டாங்க" என்றார். அவள் சொன்னதே அவளை மடக்கியது. எல்லாம் பொய்யப்பா என்று சொல்லிவிடலாம். சொன்னால் மறுபடி வாயை மூடிக்கொள்வார். அவள் கைவிரல்களை முறுக்கிக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அன்றைக்கு மத்தியானம் நான் துணி அலசிக்கொண்டிருந்தபோது உள்ளே தொம்மென்று சத்தம். ஓடினோம். நல்ல காலை ஊன்றித் தானாக இறங்கப் பார்த்திருக்கிறார். தரையில் கிடந்தார், நெற்றியில் ரத்தம். எங்களைப் பார்த்து, "இங்கயே இருக்கேன்" என்றார். மறுபடி தூக்கி மேலே வைத்தால் மறுபடி விழுவார். என் பெண் கூடத்திலிருந்து அவள் பாயைக் கொண்டுவந்து விரித்தாள், அதன் மேல் மெத்தையைப் போட்டாள், சுவரில் தலையணைகளைச் சாய்த்து வைத்தாள். கட்டிலில் இருந்த மாதிரி நிமிர்த்தி வைக்க முடியவில்லை, சரிந்து சரிந்து மல்லாந்துவிடுவார்.

வெளியே மழை விடாமல் பெய்தது. தரை ஓதம் மெத்தையில் ஏறியது. காலையில் புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கம் சில்லென்றிருக்கும். அவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? கீழே கிடந்தபடி கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளைத் துடைக்கச் சொன்னார். அவளும் மல்துணியை எடுத்து, அவர் சொல்லச் சொல்ல, கால்களையும் சட்டத்தையும் துடைத்தாள். தொட மாட்டேன் என்றிருந்தவள்தான். "குறுக்க போகாத, நீளவாட்டுல" என்று அவர் குழறுவார். "சரிப்பா" என்பாள். "எப்ப வராங்க?" என்பார். "மழை விட்டதும் வராங்கப்பா" என்பாள்.

நெஞ்சில் சளி கட்டியது. காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் கையை ஆட்டி மறுத்தார். வண்டி பிடித்து வருவதற்குள், ஒரு மத்தியானம், மகள் மடியில் தலை இருக்க, அவர் போய்விட்டார்.

சொந்தக்காரர்கள் வந்தார்கள். என் நாத்தனார் அழுது முடித்துவிட்டுச் சொன்னாள், "குடுத்து வச்சவரு எங்கண்ணன். கட்டில்ல கெடந்து போகாம, தரையில நல்லபடியா போனாரு." சுற்றி இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். என் பெண் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டாள்.

காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு, நானும் அவளும் மட்டும் உள்ளறையில் உட்கார்ந்திருந்தோம். கட்டிலில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. அவள் அதைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"கட்டில் கேட்டாங்களான்னு கேட்டாரும்மா. இல்லப்பான்னு சொல்லியிருந்தா போதும். எடம் வந்திருக்குன்னு சொன்னதோட நிறுத்தியிருக்கணும். அவரு சந்தோஷப்படட்டுமேன்னு அதையும் சேத்துச் சொன்னேன். நாந்தான் அப்பாவக் கீழ எறக்கிட்டேன்."

"போடி பைத்தியம்" என்றேன். "நீ சொன்னதாலதான் அந்த மனுஷன் நாலு வாய் சாப்பிட்டாரு. சிரிச்ச மொகமா போனாரு. ஒனக்கு வாழ்க்கை அமைஞ்சிருச்சுன்னு நெனச்சுக்கிட்டே போனாரு. அது போதாதா?"

அவள் "ம்" என்றாள். அவள் நம்பவில்லை. நம்பித்தான் சொன்னேனா என்று எனக்கும் இன்றுவரை தெரியவில்லை.